மனசிலாச்சு என்று சொல்லக் கூடாது

எங்கள் கம்பெனியின் பயிற்சி அறையில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் தடை இருந்தது. கெட்ட வார்த்தைக்குக்கூட அங்கே அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. சூடான அச்சில் விரல் பட்டு யாராவது "எளவே" என்று கத்தினால் பக்கத்தில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் பாடம் முடிந்ததும் யாராவது "மனசிலாச்சு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பயிற்சி கொடுப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"அப்படியா? கொள்ளாம். செஞ்சு காட்டுங்க, பாக்கட்டு."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மனசிலாச்சு என்றால் புரிந்தது என்று பொருள். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தில் அதற்கு வேறு உபயோகம். டாக்டர் எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று விளக்கும்போது, பேங்கில் கடன் பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றி டீச்சர் குறை சொல்லும்போது, நாங்கள் தலையை ஆட்டி மனசிலாச்சு என்போம். "போதும், விடுங்கள், எனக்குத் தக்கலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்" என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "எனக்க பேரு என்னத்துக்கு சாரே? எனக்க பேரு தெரிஞ்சா தீ அணையுமா?" என்று சண்டைக்கு வருவார். கம்பெனியில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பேக்கிங்கில் வேலை பார்த்த புஷ்பபாய் வைத்த பெயர் அது. மனசிலாவாத மேடம்.

தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் நடுவில், ரப்பர் மரங்களுக்குள் ஒளிந்து கிடக்கிற கிளவுஸ் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ஹெச்.ஆர். உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் வேலை நிரந்தரமாகாமல் இருந்தேன். அவர் வருவதற்கு முன்னால் பயிற்சி என்பது என் பொறுப்பு. இன்னும் சரியாகச் சொன்னால் என் கையெழுத்துத் திறமையின் பொறுப்பு. வெளிநாட்டில் எங்கள் கிளவுஸை வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிற்சி கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும். அதற்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, தலைமை அலுவலகம் அனுப்பிய ஆங்கிலப் படங்களைத் திரையில் ஓட்டுவேன். மின்விசிறிக் காற்றில் பாதிப் பேர் தூங்குவார்கள். விளக்கைப் போட்டுவிட்டு "மனசிலாச்சா?" என்பேன். "மனசிலாச்சு" என்று ஹால் முழுக்க ஒரே குரலில் வரும். பிறகு சாயா, ஏத்தங்காய் சிப்ஸ். ரெஜிஸ்டர் ஒரு சுற்றுப் போய் வரும். வராதவர்களின் கட்டங்களை நானே நிரப்புவேன். அதற்கென்றே நாலு பேனா வைத்திருந்தேன். புஷ்பபாயின் கையெழுத்தை புஷ்பபாயைவிட நான் நன்றாகப் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்படிப்பட்ட ராஜ்யத்துக்குள்தான் அவர் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியோடு வந்து சேர்ந்தார். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். என் வயதுதான் இருக்கும். வளைகுடாவில் ஏதோ ஒரு ஆலையில் வேலைக்குப் போய், அங்கேயே பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவராக மாறி, ஊர் திரும்பியவர். அலைச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். காதோடு காதாக ஏதாவது சொன்னால் கேட் காவலாளிக்குக் கேட்கும். வாளிக்குள் ஒரு பழைய வால்வு, ஒரு முகமூடி, நாலைந்து துவர்த்துத் துண்டு, ஒரு விசில். அவருடைய பாடப் புத்தகம் அவ்வளவுதான். முதல் நாளே என்னுடைய திரையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்.

அடுத்தவர்களிடம் மட்டும்தான் இந்தக் கண்டிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. விடுப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலு தட்டில் முடிகிற வேலை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், "சாரே, எனக்கு மனசிலாவல்ல" என்றார். சத்தமாக. ஆபீசில் எல்லோரும் கேட்க. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"ஈஸிதானே மேடம்?"

"உங்க கைக்கு ஈஸி. மவுஸ்ல இருந்து கைய எடுங்க. நான் செய்யேன், நீங்க பாருங்க. தப்பினா மட்டும் சொல்லுங்க."

மூன்று தடவை தப்பினார். நாலாவது தடவை சரியாக வந்தது. ஐந்தாவது தடவை தானாகவே இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். சாயாக்கடைக்காரர் கூகுள் பே சொல்லிக்கொடுத்தபோதும் இப்படித்தான் நடந்தது என்றும், பின்னால் ஏழு பேர் காத்து நின்றார்கள் என்றும் கேள்வி.

இவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று கம்பெனியில் பல கதைகள் உலவின. வளைகுடாவில் இவர் கண் முன்னால் ஒரு தோழி வெந்துபோனாள் என்றார்கள். ஆங்கிலத்தில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு இவரே ஒரு விபத்துக்குக் காரணமானார் என்றார்கள். கான்டீனில் மரச்சீனியும் மீன் கறியுமாக உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், நானே கேட்டுவிட்டேன்.

"அங்க என்ன மேடம் நடந்தது?"

"எங்க?"

"கல்ஃப்ல. எதோ ஆச்சுன்னு சொல்லுகாவ."

அவர் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "ஒண்ணும் நடக்கல்ல சாரே. எனக்கும் நடக்கல்ல, எனக்க கூட உள்ளவளுக்கும் நடக்கல்ல. எதுக்காக நடக்கணும்? நடக்காம இருக்கதுக்குத்தானே இந்தப் பாடு." பிறகு என் தட்டைப் பார்த்து, "மீன் வேணுமா?" என்றார்.

ஒரு பெரிய சோகக் கதையை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி பாவாடை விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர்பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். அந்தச் சிலிண்டர்கள் எங்கள் கம்பெனியின் ஒரு ஓரத்துக் கொட்டகையில் இருந்தன. அந்த வாயு கசிந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும், அதிகமானால் ஆளையே கொன்றுவிடும். காற்று அடிக்கிற திசையில்தான் அது போகும். அதனால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. என்னுடைய ஆங்கிலப் படங்களில் இதற்கு ஒரு அம்புக்குறி மட்டும் உண்டு. அவர் வந்த இரண்டாம் வாரம் காவி நிறத் துணியில், இரண்டு பக்கமும் திறந்த நீளமான பை ஒன்றைத் தானே தைத்து, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கம்பு நட்டுக் கட்டிவிட்டார். எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"மேடத்துக்க பாவாடை பறக்குது பாருட்டீ" என்றாள் புஷ்பபாய். கம்பெனியே சிரித்தது. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பெனிக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், அதை இறக்குங்கள் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் போய்ச் சொன்னேன்.

"பாவாடைன்னே இருக்கட்டு சாரே. காத்துப் பைன்னு சொன்னா யாருக்கும் நினைவு வராது. பாவாடை எங்கோட்டு பறக்குதுன்னு எல்லாரும் பாப்பாவ."

அவர் கொடுத்த பாடம் இதுதான். விசில் கேட்டால், அல்லது மூக்கில் காரம் ஏறினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முதலில் பாவாடையைப் பார். அது கேட் பக்கம் பறந்தால் கான்டீன் வாசல் வழியாக அன்னாசி விளையும் கைதச்சக்கைத் தோட்டத்துக்குப் போ. கான்டீன் பக்கம் பறந்தால் கேட்டுக்குப் போ. துவர்த்தை நனைத்து மூக்கில் வை. சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். எல்லோரும் மனசிலாச்சு என்றார்கள்.

முதல் ஒத்திகையை அவர் சொல்லாமல் கொள்ளாமல் நடத்தினார். விசில் ஊதியதும் நடந்ததை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். எல்லோரும் முதலில் ஓடியது அலமாரிக்கு. சோற்றுப் பாத்திரம், குடை, கைப்பை. பிறகு செருப்பு கிடக்கிற வாசலுக்கு. அங்கே தன் செருப்பைத் தேடி ஒரு தள்ளுமுள்ளு. கடைசியில் எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள், கம்பெனி பஸ் நிற்கிற இடம் அதுதானே. தண்ணீர்த் தொட்டியின் மேலே காவிப் பாவாடை கேட்டைப் பார்த்து ஜோராகப் பறந்துகொண்டிருந்தது. புஷ்பபாய் ஒற்றைச் செருப்போடு மூச்சிரைக்க நின்றாள்.

அவர் எல்லோரையும் எண்ணி முடித்தார். திட்டவில்லை.

"எல்லாரும் செத்தாச்சு மக்களே. போய்ச் சாயா குடிங்க."

அன்று மாலை ரெஜிஸ்டரை அவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வரிசையாக ஒவ்வொரு கட்டத்திலும் "ஆகவில்லை" என்று எழுதினார். மொத்தப் பக்கமும் ஆகவில்லை. அடுத்த மாதம் ஆடிட். வாங்குகிறவர்கள் சார்பில் ஒருவர் வந்து பார்த்து, சரி என்றால்தான் ஆர்டர் தொடரும். அந்த ரெஜிஸ்டருக்குப் பொறுப்பு நான். ஆடிட் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் என்னிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். வீட்டில் என் மனைவி ஏழு மாதக் கர்ப்பம்.

"மேடம், எனக்கு வேல போயிரும்" என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. முகத்தில் தெரிந்தது. "போவாது சாரே. இன்னும் ஒரு மாசம் கிடக்குல்லா. நாம செய்வோம்."

செய்தார். ஷிப்ட் மாறும்போது ஐந்தைந்து பேராக நிறுத்தி, சில நாள் காலையில், சில நாள் சாயா நேரத்தில். ஒருத்தி சரியாகச் செய்துவிட்டால் அவளே அடுத்த ஐந்து பேருக்குச் செய்து காட்ட வேண்டும். சோற்றுப் பாத்திரத்தை விட்டுவிட்டுப் போவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. "சோறு கிடக்கட்டும்ட்டீ, நீ வா" என்று அவர் கத்துவது ரப்பர் மரங்களைத் தாண்டிக் கேட்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று கட்டங்களில் "ஆகவில்லை" அடிபட்டு, அவருடைய கையெழுத்து ஏறும். இரண்டு எழுத்து, கடைசியில் மீன் வால் மாதிரி ஒரு சுழிப்பு.

ஆடிட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது என் முறை வந்தது. நான் ஆபீஸ் ஆள், எனக்கு எதற்கு என்றேன். "சாருக்கு மூக்கு இல்லியா?" என்று கேட்டார். எனக்கு எல்லாம் தெரியும், மாதக் கணக்காகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், மனசிலாச்சு மேடம் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வாய்க்கு மனசிலாச்சு. காலுக்கு மனசிலாச்சான்னு பாக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, நான் ரெஜிஸ்டரில் மூழ்கியிருந்தபோது விசில் ஊதினார். நான் எழுந்து ஓடினேன். எங்கே ஓடினேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. நேராகக் கேட்டுக்கு. பாவாடை என் தலைக்கு மேல் அதே திசையில் பறந்ததைப் பார்க்கவே இல்லை. போதாததற்கு ரெஜிஸ்டரை நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தேன்.

இது எனக்கான விசில் என்று முன்பே தெரிந்திருந்த பேக்கிங் பெண்கள் எல்லா ஜன்னலிலும் நின்றார்கள். அவர் மெதுவாக நடந்து வந்து ரெஜிஸ்டரைத் தொட்டுக் காட்டினார்.

"சாருக்க செருப்பு இது."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நேற்று வரை என்னிடம் விடுப்புக் கேட்டுப் பயந்து நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் சின்னதல்ல. என் பெயருக்கு எதிரே "ஆகவில்லை" அப்படியே நின்றது. இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் நின்றது. மேனேஜர் வேறு கூப்பிட்டு, "எப்படியாவது பக்கத்தை நிரப்புப்பா" என்றார். அன்று சாயங்காலம் ஆபீஸ் காலியானதும் அதே அட்டை போட்ட புது ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்தேன். எல்லாப் பெயரையும் எழுதினேன். எல்லாக் கட்டத்திலும் அந்த மீன் வாலைப் போட்டேன். நான்காவது பெயரிலேயே சுழிப்பு கைக்குப் பிடிபட்டுவிட்டது. கெட்டிக்காரன்தான்.

ஆடிட் அன்று காலையில் இரண்டு ரெஜிஸ்டரும் என் மேசையில் இருந்தன. அவர் வாளியோடு உள்ளே வந்தார்.

"ரெண்டு புக்கு எதுக்கு சாரே?"

"ஒண்ணு பழசு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த ரெஜிஸ்டர் தாள் ஒன்றை நீட்டி, "மிச்ச ஏழு பேரும் நேத்து செஞ்சாச்சு. ஒட்டிக்கிடுங்க. நீங்க மட்டும்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அதிகம் பேசாத ஆள். தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்ப்பு. ரெஜிஸ்டரைக் கேட்பதற்கு முன்னால் பேக்கிங்குக்குப் போய், எதேச்சையாக ஒருத்தியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். புஷ்பபாய். வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது புரிந்ததா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மனசிலாச்சான்னு கேக்காரு" என்றேன்.

புஷ்பபாய் என்னை ஏதோ தப்புச் செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அந்த வார்த்தய சொல்லப்பிடாது சாரே."

கையிலிருந்த கிளவுஸ் கட்டை அப்படியே கீழே விட்டாள். ஜன்னலுக்குப் போய்த் தொட்டியின் உச்சியைப் பார்த்தாள். குழாயில் துவர்த்தை நனைத்து மூக்கில் வைத்தாள். சோற்றுப் பாத்திரம் இருந்த அலமாரியைத் தாண்டி, செருப்புகளைத் தாண்டி, வெறுங்காலோடு கான்டீன் வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். போகிற வழியில் பக்கத்து மேசைக்காரியின் தோளையும் தட்டிக் கூப்பிட்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. ஆடிட்டர் அவள் பின்னாலேயே கைதச்சக்கைத் தோட்டம் வரைக்கும் நடந்தார்.

எனக்கு அப்போது வந்தது வெட்கம். வேறு பெயர் அதற்கு இல்லை. இவள் கையெழுத்தையா நான் இவளைவிட நன்றாகப் போடுவேன் என்று பெருமைப்பட்டேன்? ஆபீசுக்குத் திரும்பியதும் உண்மையான ரெஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். அடித்தல், திருத்தல், ஒட்டிய தாள், கறி பட்ட விரல் அடையாளம் எல்லாவற்றோடும். ஆடிட்டர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரே ஒரு கட்டத்தில் நிறுத்தினார். இது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அறிக்கை வந்தபோது எல்லாம் திருப்தி, ஒரே ஒரு குறை என்று எழுதியிருந்தது. ஹெச்.ஆர். உதவியாளருக்குப் பயிற்சி முடியவில்லை, ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தக் கறையோடுதான் என் வேலை நிரந்தரமானது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் தூங்கிய தூக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பொய் ரெஜிஸ்டரை அதற்கு முன்பே கான்டீன் அடுப்பில் போட்டிருந்தேன்.

ஆனால் மேடம் என்னை விடவில்லை, அவசரப்படவும் இல்லை. "எப்பம் ஊதுவேன்னு சொல்ல மாட்டேன்" என்பார். மூன்று வாரம் விசில் ஊதவே இல்லை.

ஊதியது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். விசிலுக்கு முன்னாலேயே மூக்கில் காரம் ஏறியது. இது ஒத்திகை இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு வினாடி வெப்ராளம், பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை. என் கை மேசையில் ரெஜிஸ்டரைத் தொட்டது. தொட்ட கையை எடுத்தேன். ஜன்னலில் பார்த்தேன். பாவாடை கேட்டைப் பார்த்து விறைத்து நின்றது. கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துக்கொண்டு கான்டீன் வாசலுக்கு நடந்தேன். கேட்டில் நின்ற காவலாளியைக் கத்திக் கூப்பிட்டு, மதில் ஓரமாகச் சுற்றி வரச் சொன்னேன். கைதச்சக்கைத் தோட்டத்தில் எல்லோரும் முள்ளுக்கு நடுவே வெறுங்காலோடு நின்றார்கள். ஒருவர் கையிலும் சோற்றுப் பாத்திரம் இல்லை.

அவரும் ஃபிட்டரும் முகமூடியோடு கொட்டகைக்குள் இருந்தார்கள். வால்வை இறுக்கித் தண்ணீரைப் பீச்சி அடிக்கிற சத்தம் கேட்டது. புஷ்பபாய் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன். இரண்டு பேர் குறைந்தார்கள், அந்த இரண்டு பேர். அவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து வெளியே வந்தபோது நான் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை எல்லோரையும் எண்ணினார். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். காவலாளியையும் சேர்த்து. என்னிடம் வந்ததும் நின்றார். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அது அமோனியாவா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல சாரே" என்றார். அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதேயில்லை.

பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"ரெஜிஸ்டர் எங்க?"

"மேசையில கிடக்கு மேடம்."

அவர் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். எழுதத் தாள் இல்லை. என் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, ஈரத்தைத் துவர்த்தால் ஒற்றிவிட்டு, அந்த மீன் வாலைப் போட்டார்.

"இப்பம் ஆச்சு."